‘எங்க மாடு சாதுங்க’

கால்நடை மருத்துவராகக் காங்கேயம், தாராபுரம் பக்கம் 28 வருடம் மாடு பார்த்திருக்கிறேன். கட்டுத்தரைக்குள் நான் காலெடுத்து வைக்கும்போதே வீட்டுக்காரர் சொல்வார்: “எங்க மாடு சாதுங்க டாக்டர், ஒண்ணும் பண்ணாது.” அதைக் கேட்டதும் எனக்குக் கூடுதலாகக் கவனம் வந்துவிடும். முட்டுகிற காளையிடம் எல்லோருமே சூதானமாக இருப்பார்கள். என் இடது கைச் சுண்டுவிரல் கோணியது ஒரு சாதுவான ஜெர்சிக் கலப்புப் பசுவால்.

ஈன்று இரண்டு நாள் ஆகியிருந்தது. கன்றின் தொப்புளில் மருந்து போடக் குனிந்தேன். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நிற்கக் கூடாது என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவன் நான்தான். அன்று அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். 400 கிலோ உடம்பு என்னைச் சுவரோடு வைத்து அழுத்தியது. கையை முட்டுக் கொடுத்ததால் விலா தப்பியது.

மாட்டுக்குக் கண் பக்கவாட்டில். ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. சத்தமில்லாமல் பின்னால் போய்த் தொட்டால் உதைக்கத்தான் செய்யும். அதுவும் பின்னங்காலை முன்னுக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும். அரைகுறையாக எட்டி நிற்பவருக்குத்தான் அடி பலமாக விழும்.

உதையைவிட நான் அஞ்சுவது கயிற்றுக்கு. மேய்ச்சலுக்குப் பிடித்துப் போகும்போது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள். பஸ் ஹாரனுக்கு மாடு மிரண்டால் சுற்று இறுகிவிடும். விட நினைத்தாலும் கை வராது. எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா அப்படித்தான் இழுபட்டு இறந்தார். அவர் கையால் தவிடு தின்று வளர்ந்த மாடு அது.

ஜல்லிக்கட்டில் ஒருவர் இறந்தால் ஊரெல்லாம் செய்தி. 2017 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அங்கே தடுப்பு வேலி, மருத்துவக் குழு என்று விதிகள் இருக்கின்றன. கட்டுத்தரையில் விடிகாலை இருட்டில் தனியாகப் பால் கறக்கும் பெண்ணுக்கு, மாட்டின் பின்னங்கால்களைக் கட்டும் அணைகயிறு ஒன்றுதான் காவல்.

வளர்ப்பவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் போங்கள். ஈன்ற பசுவைக் கட்டிய பிறகு கன்றைத் தொடுங்கள். கயிற்றை மடித்துப் பிடியுங்கள். எந்த மாடாக இருந்தாலும் கையில் சுற்றாதீர்கள்.