ஆற்றுக்குக் கிழக்கே

லாஸ் ஏஞ்சலீஸ் என்றவுடன் நம்மில் பலருக்கு ஹாலிவுட் ஒன்றுதான் நினைவுக்கு வரும். சினிமா நட்சத்திரங்களின் மாளிகைகளையும் கடற்கரைப் பனைகளையும் பார்த்துவிட்டு யாத்திரிகர்கள் திருப்தியுடன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் நகரின் நடுவிலிருந்து கிழக்கே ஒரு பாலத்தைக் கடந்தால் போதும். வேறு தேசத்துக்கு வந்துவிட்டோமோ என்ற பிரமை உண்டாகும். பாலத்துக்கு அடியில் ஓடுவது லாஸ் ஏஞ்சலீஸ் நதி. ஓடுவது என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். 1938-ம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்குப் பிறகு அந்த நதியின் பெரும் பகுதிக்குச் சிமெண்டினால் மெத்தை போட்டுவிட்டார்கள். ஆண்டில் அநேக நாட்கள் அதன் நடுவே வாய்க்கால் அளவு ஜலந்தான் இருக்கும்.

அக்கரையில் உள்ள பேட்டைக்குப் பாயில் ஹைட்ஸ் என்று பெயர். அதற்கும் கிழக்கே இருப்பது கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸ். இங்கே வசிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிகோ வம்சத்தவர். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். மத்திய, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களையும் இவர்களோடு சேர்த்து லத்தீனோக்கள் என்றும், பெண்களை லத்தீனாக்கள் என்றும் அழைப்பது அந்நாட்டு வழக்கம். வந்தேறிகள் என்று ஏசுகிறவர்களும் உண்டு. 1848 வரை கலிபோர்னியாவே மெக்ஸிகோவுக்குச் சொந்தமான பூமி என்பது அவர்களுக்கு மறந்துபோயிற்று போலும்.

மாரியாச்சி சதுக்கம் என்ற இடத்தில், வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்பு உடை அணிந்து, கிதாரும் எக்காளமுமாக வாத்தியக்காரர்கள் கல்யாண வீட்டாருக்காகக் காத்திருப்பார்கள். மாவைச் சோள மடலில் பொதிந்து ஆவியில் வேகவைத்த 'தமாலே'யைத் தெருவோரத்தில் பெண்கள் விற்பார்கள். ஆனால் எந்தத் தெருவில் நின்றாலும் இடைவிடாமல் ஓர் இரைச்சல் கேட்கும். மோட்டார்களுக்கென்றே அமைந்த அகலமான ராஜபாட்டைகள் பல இந்தப் பேட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துச் செல்கின்றன. அவற்றுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. நகரத்துக்கு வேண்டாத சுமை எதுவானாலும் ஆற்றுக்குக் கிழக்கே இறக்கிவைப்பது நெடுங்காலத்துப் பழக்கம்.

பேட்டையின் வடகோடி மேட்டில், வெகு தூரத்திலிருந்தே கண்ணுக்குப் படும்படி ஒரு கட்டடம் நிற்கிறது. 1933-ல் திறக்கப்பட்ட ஜில்லா பொது ஆஸ்பத்திரி அது. 2008-ல் நோயாளிகளை அருகிலுள்ள புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோட்டை போன்ற பழைய கட்டடம் இன்னும் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏழைகளுக்கு வேறு கதி இல்லை. பிரசவமானாலும் காய்ச்சலானாலும் இங்கேதான் வருவார்கள்.

1970-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நடந்ததை நினைத்தால் மனம் பதறுகிறது. இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்த மெக்ஸிகோ வம்சத்துப் பெண்களிடம் இங்கிலீஷில் அச்சிட்ட காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்த கையோடு, இனிக் கருத்தரிக்காதபடி குழாய்களையும் வெட்டிவிட்டார்கள். 'கட்டிவிடுவது' என்ற சொல்லைக் கேட்டவர்களில் சிலர், கட்டினதைப் பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். வேறு சிலருக்கோ தங்களுக்கு இப்படி ஒன்று நடந்தது என்பதே வெகுகாலம் தெரியாது.

பெர்னார்டு ரோஸன்பீல்டு என்ற இளம் டாக்டர் அங்கே வேலை பார்த்துக்கொண்டே இந்த விவரங்களைத் திரட்டி வெளியே சொன்னார். அந்தோனியா எர்னாண்டெஸ் என்ற பெண் வக்கீல், சட்டக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், விலாசங்களைத் தேடி வீடு வீடாகப் போனார். புருஷனுக்குக்கூடச் சொல்லாமல் நெஞ்சில் பூட்டி வைத்திருந்த துயரத்தை அந்நியர் முன் எடுத்துச் சொல்லுவது லேசான காரியமா? பத்துப் பெண்கள் முன்வந்தார்கள். 1975-ல் வியாஜ்யம் தொடங்கிற்று. கொமிஸியோன் பெமெனீல் என்ற மாதர் சங்கம் அவர்களுக்குப் பக்கபலமாக நின்றது. அதன் தலைவியருள் ஒருவர் க்ளோரியா மோலினா.

1978-ல் ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். டாக்டர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காமற் போயிற்று, அவ்வளவுதான். இவ்வளவு தூரம் மனம் நொந்ததற்கு அந்தப் பெண்களின் குல வழக்கமே காரணம் என்றும் கருதினார். குழந்தைச் செல்வத்தை அருமையாகக் கருதியதே அவர்களுடைய குற்றமாயிற்று!

வழக்கில் தோற்றார்கள். ஆனாலும் சம்மதப் பத்திரங்கள் ஸ்பானிஷில் வந்தன. நியூயார்க்கில் ஹெலன் ரோட்ரிகெஸ் த்ரியாஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ வம்சத்து டாக்டரும், இன்னும் பல ஊர்ப் பெண்களும் செய்த கிளர்ச்சிகளும் சேர்ந்து மத்திய ஸர்க்காரின் விதிகளை மாற்றின. ஸர்க்கார் பணத்தில் இந்தச் சிகிச்சை நடப்பதானால், சம்மதம் தந்து முப்பது நாள் கழிய வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று ஏற்பட்டது.

மோலினா 1982-ல் கலிபோர்னியா சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் அமர்ந்த முதல் லத்தீனாப் பெண் அவரே. சில வருஷங்களில் ஒரு செய்தி அவர் காதுக்கு எட்டியது: கவர்னர் டியூக்மேஜியன் இந்தப் பேட்டையின் ஓரத்தில் பெரிய சிறைச்சாலை கட்டப்போகிறார். உயிர்த்தெழுதல் மாதா கோவில் பாதிரியார் ஜான் மொரெட்டாவும், ஹுவானா குட்டியெர்ரெஸ், அரோரா காஸ்தீயோ முதலிய பெண்களும் கிளம்பினார்கள். காஸ்தீயோ அம்மையாருக்கு அப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது.

'கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸின் தாய்மார்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ராணுவ ஆட்சியில் காணாமற்போன மக்களைத் தேடி அர்ஜென்டினாவின் தலைநகர்ச் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்த தாய்மாரைப் பார்த்து எடுத்த பெயர் அது. அவர்களைப் போலவே இவர்களும் தலையில் வெள்ளைத் துணி அணிந்து, 1986-ல் திங்கட்கிழமைதோறும் ஒலிம்பிக் சாலைப் பாலத்தின்மேல் ஊர்வலம் போனார்கள். கோவில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் வழக்கமாகச் சந்தித்துக்கொள்ளும் பெண்களுக்கு ஆள் சேர்க்கத் தனிக் காரியாலயம் எதற்கு? சிறைச்சாலைத் திட்டம் 1992-ல் கைவிடப்பட்டது.

அதற்குள் இன்னொரு தொல்லை முளைத்தது. தெற்கே ஒட்டியிருக்கும் வெர்னன் என்ற ஊரில் மனிதர்கள் சில நூறு பேர்தான். மற்றபடி எல்லாம் தொழிற்சாலைகள். அங்கே விஷக் கழிவுகளை எரிக்கும் சூளை ஒன்றை நிறுவ ஒரு கம்பெனி அனுமதி பெற்றிருந்தது. இப்படிப்பட்ட சூளைகளை எங்கே கட்டினால் எதிர்ப்புக் குறைவாக இருக்கும் என்று கலிபோர்னியாக் கழிவு நிர்வாக போர்டு 1984-லேயே ஓர் அறிக்கை வாங்கி வைத்திருந்தது. ஏழைகள், அதிகம் படிக்காதவர்கள், வயதானவர்கள், கத்தோலிக்கர்கள் வாழும் இடம் உத்தமம் என்றது அறிக்கை. காஸ்தீயோ அம்மையாரின் ஜாதகத்தை வைத்துக்கொண்டு எழுதினாற்போல் இருக்கிறது அல்லவா? கம்பெனி 1991-ல் பின்வாங்கியது. 1995-ல் அந்த அம்மையாருக்குச் சுற்றுப்புறப் பாதுகாப்புக்கான கோல்டுமன் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 81.

தாய்மாரில் ஒரு பிரிவினர் பிறகு செய்த காரியம் ஒன்று சிரிப்பை உண்டாக்கலாம். ஆனால் அதன் பலன் சிரிப்புக்குரியதல்ல. தண்ணீரை மிச்சப்படுத்தும் புதுவிதக் கழிவறைத் தொட்டிகளை வீடுகளுக்கு இலவசமாக வழங்கும் பொறுப்பை ஏற்றார்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் கிடைத்த கூலியைக்கொண்டு பேட்டையிலேயே பலருக்கு வேலை கொடுத்தார்கள். மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் அளித்தார்கள். குழந்தைகளுக்கு அம்மை முதலியவற்றுக்கு ஊசி போட்டாயிற்றா, ரத்தத்தில் ஈய விஷம் சேர்ந்திருக்கிறதா என்று விசாரிக்க ஆள் அனுப்பினார்கள்.

மோலினாவோ 1991-ல் ஜில்லாவை ஆளும் ஐவரில் ஒருவரானார். மேட்டின்மேல் இருந்த ஆஸ்பத்திரியும் அந்த ஐவரின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். 2018-ல் அந்தச் சபை பழைய கொடுமைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2023-ல் மோலினா காலமானார். ஆஸ்பத்திரி முற்றத்தில் இப்போது வட்டமான ஓர் எஃகுச் சித்திர வேலையைப் பதித்திருக்கிறார்கள். அதன் பெயர் 'ஸோப்ரெவிவீர்'. உயிர் பிழைத்தல் என்று அர்த்தம்.

ஈய விஷம் என்று சொன்னேனே, அது இன்னும் தீரவில்லை. வெர்னனில் பழைய பாட்டரிகளை உருக்கி ஈயம் எடுத்துக்கொண்டிருந்த எக்ஸைடு தொழிற்சாலையை, பேட்டைவாசிகளின் நெடுநாள் போராட்டத்துக்குப் பின் 2015-ல் மூடினார்கள். சுற்றியுள்ள சுமார் 10,000 மனைகளின் மண்ணில் ஈயம் படிந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். கம்பெனி திவாலாகிவிட்டது, மண்ணை அள்ளும் செலவில் பெரும்பகுதி ஜனங்களின் வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. அள்ளிச் சுத்தம் செய்த சில மனைகளிலும் ஈயம் மிஞ்சியிருப்பதாக 2023-ல் பத்திரிகைகள் எழுதின. மறுபடியும் தோண்டுங்கள் என்று கேட்கிறார்கள் அந்த வீட்டுப் பெண்கள்.