கழுவி வைத்த பை

யாழ்ப்பாணத்துப் புறநகர் வீடொன்றின் அடுக்களைச் சுவரில் ஆணி ஒன்று உண்டு. பால்மா முடிந்ததும் அவ்வீட்டு அம்மையார் பையை வெட்டி விரித்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, அவ்வாணியிற் கொழுவிக் காயவைப்பார். எதனையும் வீணே எறிதலாகாது என்பது அவர் தலைமுறையின் பழக்கம். பொருட்கள் அரிதாயிருந்த யுத்த காலம் அப்பழக்கத்தை மேலும் உறுதியாக்கிற்று. பழைய போத்தலும் இரும்பும் வாங்க மாதமொரு முறை வரும் இளைஞர், எண்ணெய்ப் போத்தல்களை நிறுத்து எடுத்துக்கொள்வார்; பால்மாப் பைக் கட்டினை மாத்திரம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“இது வேண்டாம் அம்மா. இதை ஒருத்தரும் எடுக்கமாட்டினம்.”

“ஏன் தம்பி? கழுவிக் காயவைச்சுத்தானே வைச்சிருக்கிறன்?”

இவ்வினாவுக்கு இளைஞரிடம் விடையில்லை. பையை வடிவமைத்தோரிடமே அவ்விடை இருக்கின்றது.

ஒரு பையெனத் தோன்றும் அது உண்மையிற் பல பொருட்களின் கூட்டாகும். வெளிப்புறத்தே அச்சினையும் உறுதியினையும் தாங்கும் பொலியெஸ்தர். நடுவே ஒட்சிசனையும் ஈரத்தையும் ஒளியையும் தடுக்கும் அலுமினியம். உட்புறத்தே வெப்பத்தால் ஒட்டிக்கொள்ளும் பொலித்தீன். பெரும்பாலான பால்மாப் பைகள் இவ்வாறே அமைகின்றன. ஒவ்வொன்றும் தன் கடமையைச் செவ்வனே செய்கின்றது. ஆனால் பசையினாற் பிணைக்கப்பட்ட இம்மெல்லிய படைகளைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. பொலித்தீன் 140 பாகை செல்சியசுக்குக் கீழேயே உருகிவிடும். பொலியெஸ்தர் உருகுவதற்கு ஏறத்தாழ 250 பாகை வேண்டும். இரண்டும் உருகிய நிலையிலும் எண்ணெயும் நீரும் போல ஒன்றோடொன்று கலவா. ஆகவே எத்துணை தூய்மையாகக் கழுவினும் அப்பைக்கு மறுபிறப்பு அரிது.

இவ்வாறாயின், வலிமை வேண்டுமிடத்து வேறுபட்ட பொருட்களை ஒட்டியே தீரவேண்டுமா? இக்காலப் பொதியியலாளர் இதனை மறுக்கின்றனர். 1933 இல் இங்கிலாந்தின் நோர்த்விச் நகரில் கிப்சன், போசெற் என்னும் இருவர் உயரமுக்கப் பரிசோதனையொன்றின்போது தற்செயலாகக் கண்ட மெழுகு போன்ற வெண்பொருளே பொலித்தீன். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சாதாரண படலத்தில் அவை சிக்குண்ட தும்பு போலக் கிடக்கின்றன. உருகாதவாறு இளஞ்சூடேற்றிய படலத்தை ஒரே திசையிற் பன்மடங்கு நீளமாக இழுத்தால், சங்கிலிகள் அத்திசையில் நிரல்படுகின்றன. சிக்கிய தும்பு எளிதிற் பிய்ந்துவிடும். அதே தும்பு நிரைப்பட்டுக் கயிறானால் தோணியைக் கட்டும். இவ்வாறு இழுபட்ட பொலித்தீன் விறைப்பும் தெளிவும் பெற்று, பல பைகளிற் பொலியெஸ்தரின் இடத்தை ஏற்க வல்லதாகின்றது.

இதிலும் இடர்கள் உள. இழுபட்ட படலம் சூடுபட்டாற் சுருங்கும். ஆதலின் தாழ்ந்த வெப்பத்தில் ஒட்டும், இழுபடாத பொலித்தீனையே உட்படையாக அமைக்கின்றனர். பொலித்தீன் ஈரத்தைத் தடுப்பினும் ஒட்சிசனைத் தடுப்பதிற் குறையுடையது. ஒட்சிசன் புகுந்தாற் பால்மாவின் கொழுப்புக் கெடும். இதற்காக எதிலீன் வைனைல் அற்ககோல் என்னும் பொருளை மிக மெல்லிய படையாக இடையிடுகின்றனர். இத்தகைய தடுப்புப் படைகள் மொத்த நிறையில் நூற்றுக்கு ஐந்தினை விஞ்சலாகாது என ஐரோப்பிய வழிகாட்டல்கள் கூறுகின்றன. அவ்வெல்லைக்குள் நின்றால், பை முழுவதையும் பொலித்தீனாகவே உருக்கி வார்க்கலாம்.

எனினும் வடிவமைப்பு மாத்திரம் போதாது. 2017 ஏப்பிரல் 14 அன்று கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செத்தெம்பரில் மதிய உணவு சுற்றும் பொலித்தீன் தாள் தடைசெய்யப்பட்டது. 2021 இல் சிறு பைக்கற்றுகளும் தடைக்குள்ளாயின. ஆனால் உணவும் மருந்தும் அடைக்கும் பைக்கற்றுகளுக்கு விலக்களிக்கப்பட்டது. பால் கெடாமலும் மருந்து பழுதாகாமலும் இருத்தல் வேண்டுமன்றோ? சட்டத்தால் விலக்க முடியாத பொதிகளே வடிவமைப்பாளரின் பொறுப்பை மிகுவிக்கின்றன. அவர்கள் அதனை நிறைவேற்றிய பின்னரும், பையைச் சேகரிப்பவருக்கு ஒரு விலை கிடைத்தல் வேண்டும். இன்றேல் ஒருபொருட் பையும் வாய்க்காலையே அடையும்.

குப்பையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வீட்டாரின் கடமையையே வற்புறுத்துவர். இவ்வம்மையார் தம் கடமையிற் குறை வைத்தவரல்லர். திருப்பிக் கொடுத்த பைகளில் மிளகாய்த்தூளும் பயற்றை விதையும் கட்டி வைத்திருக்கின்றார். எஞ்சியவை அடுக்களை மூலையிற் குவிந்து கிடக்கின்றன. அடுத்த மாதமும் அவர் அவ்விளைஞரிடம் அதே வினாவையே கேட்பார். வேறோரிடத்தில், வேறு சிலரிடம் கேட்கவேண்டிய வினா அது.