மலை ஏறுமுன் தண்ணீரைப் பார்

பழைய வண்டியில் தொலைதூரம் கிளம்புகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் இரண்டு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்வதோடு சரி. வழியில் ஆவி கிளம்பினால் ஊற்றிக்கொள்ளலாம் என்கிற தைரியம்தான்.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இந்தத் தைரியம் ஆகாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். தமிழ்நாட்டுக்குப் போக வேண்டுமானால் வி.கோட்டாவைத் தாண்டி, பேர்ணாம்பட்டுக்கு மலைப்பாதையில் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம். சிக்கலெல்லாம் திரும்பும்போதுதான். பகல் முழுக்கச் சமவெளி வெயிலில் ஓடிக் களைத்த எஞ்சின், பயணத்தின் கடைசிக் கட்டத்தில், முழுச் சுமையோடு மலை ஏறியாக வேண்டும்.

எங்கள் வீட்டு மாருதி ஆம்னிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. சென்ற மே மாதம் அதில் வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்று நைனா சொன்னார். எங்கள் ஊரில் பலர் தகப்பனாரை அப்படித்தான் அழைப்போம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 27 வருடம் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வெளியே வந்தார். வரும்போது நுரையீரலில் பாறைத் தூசியையும் கொண்டு வந்தார். சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானதே கோலார் தங்கச் சுரங்கத்தில்தான், 1934ஆம் ஆண்டில். தூசி ஒருமுறை தழும்பாக்கிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. வெக்கை ஏறினால் நைனாவுக்கு நான்கு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும்.

ரயிலில் போகலாமே என்றாள் என் மனைவி. மாரிக்குப்பத்தில் ஏறி, பெங்களூரில் மாறி, படிக்கட்டு ஏறி இறங்கி... நைனாவால் ஆகாது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன். நைனா ஒப்பவில்லை. தன் பணத்தில் பாதி போட்டு வாங்கிய வண்டி அது. ஆக, கேள்வி ஒன்றுதான் மிஞ்சியது. மே மாத வெயிலில், மலைப்பாதை நடுவில், மூச்சுத் திணறும் 74 வயது மனிதரோடு இந்த வண்டி நின்றுபோனால் என்ன செய்வது?

ஆண்டர்சன்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஷெட் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவர் சுரங்கத்து ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், நைனாவின் சகா. எனக்குச் சித்தப்பா முறை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் எதையும் திறக்கவில்லை. ‘‘இன்னா தண்ணி ஊத்தினே இதுக்கு?’’ என்றுதான் முதலில் கேட்டார்.

‘‘வீட்டுத் தண்ணிதான் சித்தப்பா. போர் தண்ணி.’’

‘‘அப்போ உள்ளே சுண்ணாம்புக் காளவாய்தான் இருக்கும்’’ என்றார்.

எஞ்சின் ஆறிய பிறகு அடிக் குழாயைக் கழற்றினார். டீக்கடைக் கழுநீரின் நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது. ஒரு காலத்தில் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் குழாயில் வந்த ஊர் இது. இப்போது ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். அந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். அதே படிவுதான் எஞ்சினுக்குள்ளும். தண்ணீரின் வேலை, இரும்பிலிருக்கும் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றிடம் கொடுப்பது. நடுவே சுண்ணாம்புத் திரை விழுந்தால் சூடு கைமாறாது. தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் எஞ்சின் காயும்.

அடுத்து அவர் தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய கூட்டைத் திறந்தார். காலியாக இருந்தது. வண்டியை இதற்குமுன் பார்த்த ஏதோ ஒரு ஷெட்டில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் நாட்டில் பரவலான வைத்தியம் இது. வண்டி சூடாகிறதா, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கு. தடையில்லாமல் தண்ணீர் ஓடட்டும்!

பார்வைக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் தெர்மோஸ்டாட் ஒரு காவல்காரன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவை மூடி வைத்துச் சீக்கிரம் சூடேற விடும். 80 டிகிரியைத் தாண்டியதும் மெல்லத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். எஞ்சினுக்கும் ஏற்ற சூடு என்று ஒன்று உண்டு. காவல்காரன் இல்லாத வண்டி காலையில் நெடுநேரம் குளிரிலேயே ஓடும், பெட்ரோலைக் குடிக்கும், பிஸ்டனும் சிலிண்டரும் சீக்கிரம் தேயும். மூல நோயோ அப்படியே இருக்கும். ‘‘அடைப்பு ரேடியேட்டர்லே இருக்குது. இவன் கதவைப் புடுங்கி வெச்சிருக்கான்’’ என்றார் சித்தப்பா.

வேலை மூன்று நாள் நடந்தது. ரேடியேட்டர் அலுமினியம். பித்தளையாக இருந்தால் தொட்டியைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பவும் பற்றவைத்துவிடலாம். அலுமினியக் குழாயில் கம்பி விட்டால் கிழியும். எனவே புதிது. ரப்பர் ஹோஸ்களைக் கையால் பிசைந்து பார்த்தார். இரண்டு கல்லாக இறுகிக் கிடந்தன. ஒன்று எண்ணெய் பட்டு ஊறிச் சோற்று உருண்டை போல் அமுங்கியது. எல்லாவற்றையும் கிளிப்போடு மாற்றினார். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து கசிந்தால் உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். கசிந்த கறை இருந்தது. பம்பும் போயிற்று.

நான் அலட்சியமாக நினைத்திருந்த பொருள் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி அல்ல. உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைக்கும் வால்வு. எங்கள் ஊர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் கொதிநிலை சுமார் 20 டிகிரி ஏறுகிறது. குக்கரில் பருப்பு வேகும் அதே தத்துவம். மூடியின் ரப்பர் வெடித்தால் இந்த 20 டிகிரி பாதுகாப்பும் போய்விடும்.

இரண்டாம் நாள் நைனாவே ஷெட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கூலன்ட் டப்பாவைப் பார்த்ததும் அவருக்குக் கோபம். ‘‘தண்ணி போதாதா? நம்ம ஊர்லே இன்னா பனியா உறையுது?’’

‘‘உறையறதுக்கு இல்லேண்ணே. துருப் புடிக்காம இருக்கறதுக்கு. காய்ச்சி வடிச்ச தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தா கொதிக்கறதும் தாமதமாகும்’’ என்றார் சித்தப்பா.

நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘கீழே எங்களுக்கும் இப்படித்தான் காத்து விட்டானுங்க’’ என்றார்.

அவர் சொன்னது சரித்திரம். சாம்பியன் ரீஃப் சுமார் 3,200 மீட்டர் ஆழம் இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தொடும். மேலிருந்து அனுப்பும் காற்றும் இறங்க இறங்க அழுத்தப்பட்டு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். விசிறியால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. 1930களிலேயே கோலார் சுரங்கங்களில் காற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. உலகில் இப்படிச் செய்த முதல் சில சுரங்கங்களில் எங்களுடையதும் ஒன்று. சூடு எங்கே பிறக்கிறது, எதன் வழியாக வெளியேறுகிறது, வழியில் எங்கே அடைபடுகிறது என்கிற கணக்கு மூன்று கிலோமீட்டர் சுரங்கத்துக்கும் மூன்று சிலிண்டர் ஆம்னிக்கும் ஒன்றுதான். அந்தக் கணக்கைக் கற்ற கைகள் சுரங்கம் மூடியதும் ஊரின் சின்னச் சின்ன ஷெட்டுகளுக்குச் சிதறிப்போயின. அவர்களுடைய பிள்ளைகள் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூர் அலுவலகங்களுக்குப் போகிறார்கள். சித்தப்பாவின் ஷெட்டில் இப்போது கற்றுக்கொள்ளும் பையன் யாரும் இல்லை.

கடைசி நாள் தண்ணீர் நிரப்பும் சடங்கு. மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும்வரை மெதுவாக ஊற்றினார். உள்ளே காற்று தங்கினால் அந்த இடத்தில் சூடு தேங்கிவிடும். மின்விசிறி தானாகச் சுழன்று தானாக நிற்கிறதா என்று இரண்டு முறை காத்திருந்து பார்த்தார். மொத்தச் செலவு 7,350 ரூபாய். தலைப்பகுதி வளைந்து எஞ்சினைப் பிரிக்க நேர்ந்திருந்தால் இதைப்போல் சில மடங்கு ஆகியிருக்கும்.

கூலன்ட் டப்பாவில் எச்சரிக்கைகள் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தன. மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால், சித்தப்பா சொன்னவற்றையும் சேர்த்துத் தமிழில் ஒரு தாளில் எழுதி வண்டிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். முள் பாதியைத் தாண்டி ஏறினால் ஓரங்கட்டு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே. கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடு. காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, இரும்பு வெடிக்கும். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாமல் வை. ‘திரவத்தை வெளியேற்றுக’ என்று முதலில் எழுதியதைப் பார்த்து, ‘‘தண்ணியை எறக்குன்னு எழுது, டிரைவருக்குப் புரியட்டும்’’ என்று திருத்தியவர் சித்தப்பாதான். எம்.ஏ. தமிழ் படித்தவன் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

விடியுமுன் கிளம்பினோம். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம். நைனா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். கடலை வெகுநேரம் பார்த்தார். திரும்பும்போது பேர்ணாம்பட்டைத் தாண்டி மலை ஏறியது மாலை நேரத்தில். எஞ்சின் எங்கள் இருக்கைக்கு அடியில் முனகியது. முன் இருக்கையில் நைனா தலையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தார், நான் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு வந்தேன். இரண்டும் ஏறவில்லை.

கூலன்டை இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும் என்று தாளின் அடியில் தேதி போட்டிருக்கிறேன். அதற்குள் இன்னொரு முறை எங்காவது போகலாம் என்கிறார் நைனா. பக்கத்து வீட்டு வேன்காரர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய் நகல் எடுத்திருக்கிறார். அவர் வண்டியிலும் வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற சுரங்கத்து முதியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.