தனுஷ்கோடி மணலில் பூநாரைகள்

ராமேசுவரம் என்றால் 22 தீர்த்தமும் மூன்றாம் பிராகாரமும்தானே நமக்கு? நீராடி, தரிசனம் முடித்து, சங்கும் பாசிமணியும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே ரயிலேறி விடுகிறோம். இந்தத் தை மாதம் நாங்கள் ஒரு வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றி மெத்தை விரித்து, அடுப்பும் அரிசியும் இரண்டு கேன் தண்ணீருமாகக் கிளம்பினோம். வெளிநாட்டில் இப்படி வண்டியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு பாலைவனமும் மலையும் பார்க்கிறார்களாம். "நம்ம பக்கம் அதுக்கு எங்கே போறது?" என்று கேட்டார் என் கணவர்.

ராமநாதபுரம் தாண்டியதுமே பாலை தொடங்கிவிட்டது போலிருந்தது. பனையும் கருவேலமும்தான். தீவுக்குள் நுழைந்தால் குடைவேல மரங்கள், விரித்த குடையைக் கவிழாமல் நட்டு வைத்த மாதிரி! கந்தமாதன பர்வதம் என்றதும், "பர்வதமா? என் முழங்காலுக்கு ஆகாதும்மா" என்று பயந்தார் மாமியார். உண்மையில் அது ஒரு மணல்மேடுதான். ஆனால் தீவிலேயே உயரமான இடம். ராமர் பாதத்தைச் சேவித்துவிட்டு மேலே நின்று பார்த்தால், பச்சைக்கு நடுவே கோபுரமும் சுற்றிலும் கடலும் தெரிகின்றன.

மறுநாள் விடிந்ததும் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஊரும் போனபின், இடிந்த தேவாலயமும் ஸ்டேஷன் சுவர்களுமே மிச்சம். ஒரு பக்கம் அலையடங்கிய பெண் கடல், மறுபக்கம் சீறுகிற ஆண் கடல். நடுவில் அடம்பங்கொடியும் ராவணன் மீசை என்ற முள்புல்லும் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத நீரில்தான் பூநாரைகளைக் கண்டோம். நூற்றுக்கணக்கில்! "அம்மா, அது ஏன் தலைகீழா சாப்பிடுது?" என்றாள் மகள். வளைந்த அலகைக் கவிழ்த்து, சேற்று நீரை வடிகட்டி, சிறு இறாலையும் பாசியையும் தின்கிறதாம். அந்த இளஞ்சிவப்பே சாப்பாட்டிலிருந்து வருவதுதான். குஞ்சு சாம்பல் நிறம். இவற்றுக்காகவே 2025 ஜூனில் ஏறக்குறைய 525 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

பின்னால் வந்து நின்ற காரிலிருந்து இரண்டு பையன்கள் கைதட்டிக்கொண்டே நீருக்குள் ஓடினார்கள், பறக்கும்போது படம் எடுக்க. கூட்டம் மொத்தமாக எழும்பியது. சிறகடியில் சிவப்பும் கறுப்பும்! அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தொலைதூரம் பறக்கிற பறவைக்கு இங்கே தின்று சேர்க்கிற கொழுப்புதானே வழிக்கட்டுச் சோறு? வீணாக எழுப்பினால் அது கரைகிறது. என் மாமியார் நேராகப் போய், "ஏம்ப்பா, சாப்பிடுற பிள்ளையை இப்படித்தான் தட்டு முன்னாலேர்ந்து விரட்டுவீங்களா?" என்று கேட்டார். பையன்கள் பேசாமல் காருக்குத் திரும்பினார்கள். பறவைகள் திரும்ப ஒரு மணி நேரமாயிற்று. நாங்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருந்தோம்.

அங்கே குடிசையில் வசிக்கும் மீனவப் பெண்கள் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள். இரு பக்கமும் உப்புக்கடல் இருக்க, நல்ல தண்ணீர் எப்படி? மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரைவிட லேசானதால் அதன்மேல் நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புதான். ஒரு வாய் கேட்டுக் குடித்த என் மாமியார், "23-வது தீர்த்தம்" என்றார்.

அதைப் பார்த்தபின் சோப்புத் தண்ணீரை அந்த மணலில் கொட்ட மனம் வருமா? தையல் இலையில் சாப்பிட்டோம். பாத்திரங்களைத் துடைத்து வைத்து, ராமேசுவரம் வந்து கழுவினோம். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் இருந்ததால் அதிகப் பாத்திரமும் சேரவில்லை. தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள். ராமேசுவரத்தில் ஒரு விடுதி முற்றத்தில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். அடுப்பை வண்டிக்கு வெளியேதான் மூட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்கவே கூடாது. விஷப்புகை உள்ளே வந்தால் வாசனைகூடத் தெரியாது. போவதானால் தை, மாசியில் போங்கள். சித்திரை வெயிலில் அந்த மணலில் குழந்தைகளால் கால் வைக்க முடியாது.