முள் விழும் இடம்

"பாதி டேங்க் இருக்கையிலயே முள்ளு பொத்துனு விழுந்துருதுண்ணே. மேட்டுல ஏறுனா எந்திரிக்குது. எறங்குனா மறுபடி படுத்துக்குது."

பிக்கப் டிரைவர் சொல்லி முடித்த பிறகும் எலக்ட்ரீஷியன் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டார். "ஃபுல் அடிச்சா சரியாக் காட்டுதா?"

"காட்டுது."

"எம்புட்டு நாளா இப்படி?"

"தைப்பூசத்துக்கு முந்தியே ஆரம்பிச்சுருச்சு."

"அப்ப ஃப்ளோட்டுதான். இருந்தாலும் பாத்துட்டுத்தான் டேங்க்கத் தொடணும்."

ஒட்டன்சத்திரத்தில், பழனி போகும் சாலையோரம் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. காய்கறிச் சந்தைக்கு வரும் வண்டிகளின் ஹாரன், லைட், டைனமோ எல்லாம் அங்கேதான் பார்க்கிறார்கள். ஒரு நாள் முழுக்க அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தேன். காலை எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முதல் வண்டியாக இந்தப் பிக்கப் வந்து நின்றிருந்தது.

இந்த ஊரில் டீசல் முள் சாதாரண விஷயமில்லை. சந்தையில் ஏற்றுகிற முருங்கையும் வெண்டையும் பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டிக் கேரளத்துக்குப் போகின்றன. பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். வழியில் டீசல் தீர்ந்தால், கேனில் வாங்கிவந்து ஊற்றியதும் கிளம்பிவிட முடியாது. குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும். கைப்பம்பை அழுத்தி அழுத்தி அந்தக் காற்றை எடுக்கவேண்டும். உயர் அழுத்தப் பம்புக்கு எண்ணெய்ப் பசை தருவதே உள்ளே ஓடும் டீசல்தான் என்பதால், வறண்டு சுற்றினால் பம்ப்பும் தேயும். காய் அதற்குள் வாடிவிடும். பழைய லாரிகளில் டேங்க் பக்கவாட்டில் தொங்கும்; மூடியைத் திறந்து குச்சியை விட்டால் அளவு தெரிந்துவிடும். இந்தப் பிக்கப்பில் ஊற்றும் குழாய் வளைந்து போவதால் குச்சி இறங்காது. நான்கு மாதமாகக் கிலோமீட்டரைக் கணக்குப் போட்டே ஓட்டியிருக்கிறார் டிரைவர். நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கும், ஒவ்வொரு தொகையும், அப்போதைய ஓடோமீட்டர் எண்ணும் எழுதியிருந்தன.

டேங்க் மேலிருந்து வரும் சாக்கெட்டைக் கழற்றி, முள்ளுக்குப் போகும் வயரைச் சேசிஸில் தொட வைத்தார் எலக்ட்ரீஷியன். சாவி போட்டிருந்த கேபினிலிருந்து அவரிடம் வேலை பழகும் பையன் கத்தினான்: "ஏறுதுண்ணே! ஃபுல்லு!" ஆக, மீட்டரும் வயரும் நல்லாயிருக்கின்றன. அடுத்து எர்த். டேங்க்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கு உள்ளே ரப்பர் இருப்பதால், டேங்க் சேசிஸோடு மின்சாரத் தொடர்பில் இருக்கும் என்று நம்ப முடியாது. தனியாக ஒரு எர்த் வயர் வரும். அதில் துருப் பிடித்தாலும் முள் இதே மாதிரிதான் ஆடும். சாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நீளமான வயர் ஒன்றை இழுத்து, டேங்க்குக்குள் டீசல் அளவை உணரும் ஃப்ளோட்டின் தகட்டில் கொடுத்துப் பார்த்தார். மாற்றம் இல்லை. அதற்கப்புறம்தான் ஜாக்கியை எடுத்துவரச் சொன்னார்.

இந்த இருபது நிமிடத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். முள் வேலை செய்யவில்லை என்றதும் நேராக டேங்க்கை இறக்கிப் புது ஃப்ளோட்டை மாட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. அது எர்த் கோளாறாக இருந்தால் மறுவாரமே வண்டி திரும்பி வரும். பொருள் காசும் கூலியும் டிரைவர் தலையில். இவர் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் மூன்றில் இரண்டு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டார்.

டேங்க்கின் அடி நட்டைக் கழற்றி டீசலை ஐந்து லிட்டர் கேன்களில் பிடித்தார்கள். நான்கு கேன் நிறைந்து ஐந்தாவதில் கொஞ்சம். இருபத்திரண்டு லிட்டர் இருக்கும் என்றான் பையன். லிட்டருக்கு ஏறக்குறைய 830 கிராம் என்று வைத்தால் பதினெட்டு கிலோ பாரம் குறைந்தது. பட்டையின் போல்ட்டுகள் துருவில் இறுகிக் கிடந்தன. பையன் மல்லாந்து படுத்து, தூரிகையால் அவற்றில் டீசலைத் தடவி ஊறவிட்டான். மேலிருந்து காய்ந்த சேறு அவன் நெற்றியிலும் உதட்டிலும் விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஸ்பானரை மாட்டினான். பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தவன். முதல் போல்ட் அசைய அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரம் அவன் கை தலைக்கு மேலேயே இருந்தது.

ஜாக்கியில் பலகை வைத்து டேங்க்கை ஒரு சாண் இறக்கினார்கள். போகிற ஓசுக்கு ஒரு முடிச்சும் திரும்புகிற ஓசுக்கு இரண்டு முடிச்சும் நூலில் போட்டு அடையாளம் வைத்துக் கழற்றினான் பையன். டேங்க் வெளியே வந்தது. தலையில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு, வைக்கோல் துணுக்கு, வெங்காயச் சருகு. பையன் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் எலக்ட்ரீஷியன் தடுத்தார்.

"சட்டியத் தொறக்குறதுக்கு முந்தி மூடியத் தொடைக்கணும்டா."

பிரஷ் போட்டு, கம்ப்ரசர் காற்று அடித்து, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்த பிறகே ஐந்து ஸ்குரூவும் கழன்றன. ஐந்து துளைகளும் சம இடைவெளியில் இல்லை. அதனால் ஃப்ளோட் ஒரே ஒரு திசையில்தான் உட்காரும். உள்ளே ஆடும் கை டேங்க் சுவரில் இடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

டீசல் என்பதால் இவ்வளவு தைரியமாகத் திறக்கலாமா என்று கேட்டேன். பேட்டரி வயரைக் கழற்றி வைத்திருந்ததையும், பீடி பற்றவைத்த டிரைவரைச் சாலைக்கு அப்பால் அனுப்பியதையும் காட்டினார். இந்தியத் தரவிதிப்படி டீசல் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி இருக்கவேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்கு 35 டிகிரி பெரிய எண்ணில்லை. பெட்ரோலுக்கோ அது பூஜ்ஜியத்துக்கும் வெகு கீழே. பெட்ரோல் வண்டி என்றால் கொட்டகைக்கு உள்ளேயே விடுவதில்லையாம். "காலி டேங்க்குனு அசால்ட்டா வெல்டிங் வைப்பாங்க சார். காலிதான் ஆபத்து. உள்ள பூரா ஆவி."

ஃப்ளோட்டைச் சாய்த்து, கை வளையாமல் வெளியே எடுத்துப் பெஞ்சில் வைத்தார். உள்ளங்கை அளவுத் தகடு, நீளக் கம்பி, முனையில் கறுப்பு மிதவை. கம்பியின் மறுமுனையில் மெல்லிய உலோக நாக்கு ஒன்று, பீங்கான் வில்லையில் பதித்த மின்தடைப் பாதைமேல் வழுக்குகிறது. மிதவை ஏற ஏற மின்தடை மாறும், அதற்கேற்ப முள் நகரும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துவிட்டு, மிதவையை என்னையே தூக்கச் சொன்னார். அடியிலிருந்து தூக்கினேன். திரையின் இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நின்றது. இணைப்பே இல்லை என்று அர்த்தம். பாதியைத் தாண்டியதும் எண்கள் வந்தன, மேலே போகப் போகச் சீராகக் குறைந்தன. கீழே இறக்கினால் மறுபடி 1.

வில்லையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். மேல் பாதிக் கோடுகள் புதுசுபோல மின்னின. காலுக்கும் அரைக்கும் நடுவே மட்டும் நாக்கு உரசி உரசி, வெள்ளிநிறம் போய்ப் பீங்கானே தெரிந்தது.

"ஃபுல் அடிக்கவே மாட்டியா தம்பி?"

"எங்கண்ணே... ஆயிரத்துக்கு அடிப்பேன். வாடகை வந்தா ரெண்டாயிரத்துக்கு."

நோட்டில் இருந்த தொகைகள் எனக்கு ஞாபகம் வந்தன. டேங்க்கில் டீசல் எப்போதும் நின்ற உயரத்தில்தான் அந்தத் தேய்மானம் இருந்தது.

புது ஃப்ளோட் வந்ததும் உடனே மாட்டவில்லை. பழசின் பக்கத்தில் படுக்கவைத்துக் கம்பியின் நீளத்தையும் வளைவையும் ஒப்பிட்டார், மீட்டரில் மேல், கீழ் இரண்டு முனைகளின் எண்களையும் பார்த்தார். இது அவசியம். மின்தடைக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அமெரிக்காவின் பழைய ஜிஎம் பிக்கப்புகளில் காலி டேங்க்குக்கு 0 ஓம், நிறைந்தால் 90. அதே காலத்து ஃபோர்டில் தலைகீழ்: காலிக்கு 73, நிறைந்தால் 10. ஒன்றின் ஃப்ளோட்டை மற்றதில் மாட்டினால் டீசல் குறையக் குறைய முள் ஏறும். இங்கேயும் கடைக்காரர் 'எல்லாத்துக்கும் சேரும்' என்று கொடுக்கும் ஃப்ளோட்டுகளால் டிரைவர்கள் நடுவழியில் நின்றிருக்கிறார்கள்.

வெளியிலேயே வயரைக் கொடுத்து எலக்ட்ரீஷியன் மிதவையைத் தூக்க, பையன் கேபினில் இருந்து குரல் கொடுத்தான். "கால்... அரை... முக்கால்... ஃபுல்லு!" முள் மெதுவாகத்தான் ஏறியது. வண்டி குலுங்கும்போது துள்ளாமல் இருக்க, அதை வேண்டுமென்றே மந்தமாகச் செய்திருக்கிறார்கள். பழைய ரப்பர் வளையம் ஊதிப் போயிருந்ததால் புதிது போட்டார்கள். பேஸ்ட் தடவவில்லை, அது டீசலில் ஊறி உதிர்ந்து ஃபில்டரை அடைக்குமாம். எர்த் முனையை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினான் பையன்.

டேங்க் ஏறியது. டிரைவரின் முதலாளி போனில் கூலியைப் பேசினார். "ஒரு முள்ளுக்கா இவ்வளவு?" என்ற குரல் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. சேற்றை முகத்தில் வாங்கிய பையன் அப்போது குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தக் கூலியில் ஒரு ரூபாய்கூட அதிகமில்லை என்று, கேட்காமலேயே, அந்தப் போனில் சொன்னேன். எதிர்முனை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, குடுத்துருப்பா" என்றது.

பிடித்து வைத்த டீசலைத் திருப்பி ஊற்றினார்கள், கேன் கேனாக. ஒவ்வொரு கேனுக்கும் பிறகு இரண்டு நிமிடம் பொறுத்து, முள் நிற்கும் இடத்துக்கு நேரே கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார் எலக்ட்ரீஷியன். ஐந்து லிட்டருக்கு முள் அசையவில்லை. பத்தில் சிவப்புக் கோட்டை விட்டு எழுந்தது. பதினைந்தில் ஒரு புள்ளி, இருபதில் ஒரு புள்ளி.

டிரைவர் நோட்டைப் பிரித்து, புதுப் பக்கத்தில் அந்த மூன்று புள்ளிகளையும் அப்படியே வரைந்துகொண்டார். பிறகு சந்தைக்குப் போன் போட்டு, மூன்று மணிக்கு லோடு ஏற்ற வருவதாகச் சொன்னார்.