விலைவாசி யாருக்கெல்லாம் ஏறுகிறது?

அப்பாவுக்கு மாதம் 1,680 ரூபாய் பென்ஷன் வருகிறது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் 28 வருஷம் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தவர். தான் இன்னும் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வருஷத்துக்கு ஒருமுறை இ-சேவை மையத்துக்குப் போவார். அங்கே அவருடைய கட்டைவிரல் ரேகை இயந்திரத்தில் விழவே விழாது. அறுந்த இழையை ஒட்டி ஒட்டியே ரேகை தேய்ந்துவிட்டது. "தாத்தா, நல்லா அழுத்தித் துடைச்சிட்டு வைங்க" என்பான் அங்கிருக்கும் பையன். நாலாவது, ஐந்தாவது தடவையில்தான் அப்பா உயிரோடிருப்பதை இயந்திரம் ஒத்துக்கொள்ளும்.

2025 மார்ச் 24 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பள உயர்வு அறிவிப்பு வந்தபோது எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது. மாத ஊதியம் 1,00,000 ரூபாயிலிருந்து 1,24,000. முன்னாள் உறுப்பினரின் ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000. இது போக தொகுதிப் படி, அலுவலகச் செலவு, வருஷத்துக்கு 34 இலவச விமானப் பயணம். குடும்ப வாட்ஸப் குழுவில் கொதித்துப்போய் எழுதினேன்: "இவனுங்க சம்பளத்த முதல்ல வெட்டணும்." அக்கா உடனே ஆமோதித்தாள். அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம் இல்லாதவள். அவள் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது.

காலை வணக்கம் ரோஜாப்பூ தவிர வேறெதுவும் அனுப்பாத அப்பாவிடமிருந்து அன்றைக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "குடுக்கட்டும் தாயி. அவன் சம்பளத்த வெட்டுனா ஒனக்கு என்ன வரும்?"

எனக்கு வந்தது எரிச்சல்தான். அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது இதை வைத்தே அப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் பதிலாகச் சொன்னது சங்கத்து மாமாவின் கதை. எங்களுக்கு ரத்த உறவில்லை. அப்பாவோடு மில்லில் இருந்தவர், தொழிற்சங்கப் பொறுப்பாளர், அதனால் எங்களுக்கு அவர் 'சங்கத்து மாமா'. 1996 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நின்று ஜெயித்தார். அத்தை பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மாமா ஜெயித்ததில் எங்கள் தெரு முழுக்கச் சந்தோஷம். தண்ணீர் வரவில்லையென்றால் ராத்திரி பத்து மணிக்கும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். தட்டினார்கள். கவுன்சிலருக்குச் சம்பளம் கிடையாது, கூட்டத்துக்குப் போனால் ஒரு சிறு படி, அவ்வளவுதான். நகராட்சி அலுவலகத்துக்குப் போகிற நாளெல்லாம் மில்லில் சம்பளம் இல்லாத விடுப்பு. அஞ்சு வருஷத்தில் அத்தையின் தோடும் செயினும் அடகுக் கடைக்குப் போயின. செயின் திரும்பவில்லை. 2001இல் மாமா நிற்கவில்லை. அடுத்து வந்தவர் மனை விற்கிறவர். அவருக்குச் சம்பளம் தேவைப்படவில்லை.

"மாமா கெட்டவராயிருந்தா அடுத்த தடவையும் நின்னிருப்பாரு" என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் 2023இல்தான் வந்தது. மாமா அதைப் பார்க்க இல்லை.

சென்னைக்குத் திரும்பியதும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பிரிட்டனில் 1838இல் சாசன இயக்கத் தொழிலாளர்கள் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று, உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பது. இன்னொன்று, உறுப்பினராகச் சொத்து இருக்கவேண்டும் என்ற விதியை நீக்கவேண்டும் என்பது. ஒன்றை மட்டும் கொடுத்தால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொத்தில்லாதவன் ஜெயித்தாலும் லண்டனில் எதைத் தின்று உட்கார்ந்திருப்பான்? அந்தச் சம்பளம், ஆண்டுக்கு 400 பவுண்ட், 1911இல்தான் கிடைத்தது. நான் வெட்டச் சொன்னது, உழைக்கிறவர்கள் எழுபது வருஷத்துக்கும் மேல் கேட்டு வாங்கிய ஒன்றை.

நம்மூரில் எளிமை என்றதும் கக்கனைச் சொல்வோம். அமைச்சராக இருந்தவர், மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் கிடந்தார், எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்தார் என்று கண் கலங்கப் பகிர்வோம். நானும் பகிர்ந்திருக்கிறேன். ஒரு நேர்மையான மனிதரை அந்த நிலையில் விட்டது நம் வெட்கக்கேடு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் ஜெயித்த 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள் என்று அவர்களே தாக்கல் செய்த சொத்துக் கணக்கு சொல்கிறது. சம்பளத்தை நாளைக்கே பாதியாக்கினாலும் இந்த 504 பேரில் யார் வீட்டிலும் அடுப்பு அணையாது. மிச்சம் 39 பேர் இருக்கிறார்களே, வெட்டு அவர்கள் மேல்தான் விழும். மாமாவைப் போல ஒருவர் அங்கே இருந்தால், இந்த 39க்குள்தான் இருப்பார்.

செலவைக் குறைத்தே காட்டினார்களே என்று கேட்கலாம். காட்டினார்கள். 2016க்கு முன் 18 ரூபாய்க்கு விற்ற நாடாளுமன்றக் கேன்டீன் சைவச் சாப்பாடு, 2021இல் மானியம் நின்றபின் 100 ரூபாய் ஆனது. நாமெல்லாம் கைதட்டினோம். அதில் மிஞ்சியது ஆண்டுக்குச் சுமார் 8 கோடி என்றார்கள். 2020 கொரோனாவின்போது உறுப்பினர்களின் ஊதியத்தில் ஓராண்டுக்கு 30 சதவீதம் பிடித்தார்கள். படிகளையும் சேர்த்தால் ஓர் உறுப்பினருக்கு மாதம் 57,000 ரூபாய், இரு அவைக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஏறக்குறைய 54 கோடி. அதே நேரம் தொகுதி மேம்பாட்டு நிதியை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தினார்கள். அது 7,900 கோடி. வகுப்பறைக்கும் நிழற்குடைக்கும் ஆம்புலன்ஸுக்கும் போகவேண்டிய பணம். சம்பளப் பிடித்தத்தைத் தியாகம் என்று பேசினோம், இந்த நிதி போனதைப் பற்றிப் பேசவே இல்லை.

அதே 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் கிடையாது. வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கவே இல்லை. கணக்குப் பார்த்தால் அது பெரிய மிச்சம். கூடாத நாடாளுமன்றத்தை விடச் சிக்கனமான நாடாளுமன்றம் உண்டா?

இதையெல்லாம் படித்தபிறகும் அப்பா சொன்னதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. பணியில் இருக்கும்போது சம்பளம் சரி. பதவிக்காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாழ்நாள் ஓய்வூதியம் எதற்கு? நூறு கோடி சொத்துள்ளவருக்கும் அதே 31,000 எதற்கு? இதை அடுத்த தடவை கேட்டேன். "அத வேணா கேளு" என்று அப்பா இறங்கி வந்தார்.

நான் கேட்க விரும்புவது இன்னொன்றும் இருக்கிறது. உறுப்பினர்களின் சம்பளம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாக உயரவேண்டும் என்று 2018இல் சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். நல்ல விதி. அவர்களே கை தூக்கித் தங்கள் சம்பளத்தை ஏற்றிக்கொள்ளும் அசிங்கம் இதில் இல்லை. ஆனால் மில் தொழிலாளியின் பென்ஷனுக்கு அந்த விதி இல்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014இல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். உறுப்பினர்களின் சம்பளம் ஏறிய 2025 மார்ச்சிலும் அது அதே 1,000தான். அரிசியும் பருப்பும் மாத்திரையும் டெல்லியில் மட்டுமா விலை ஏறின?

வாட்ஸப் குழுவில் நான் எழுதியதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொன்று எழுதினேன்: "அவங்களுக்கு இருக்கிற விதியை அப்பாவுக்கும் போடணும்." அக்கா கட்டைவிரல் உயர்த்திப் போட்டாள். அப்பா மறுநாள் காலை ரோஜாப்பூ அனுப்பினார்.

இந்த வருஷமும் இ-சேவை மையத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். மூன்றாவது தடவையிலேயே ரேகை விழுந்துவிட்டது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். வெளியே வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.