தீயைப் பார்த்துக்கொள்கிறவன்



சமையற்காரர் ஒருவரின் வாழ்க்கையை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். பெயர் ஹோசே ஆந்த்ரேஸ். 1969-இல் வட ஸ்பெயினில் அஸ்தூரியாஸ் நாட்டு மியெரெஸ் என்னும் ஊரில் பிறந்தவர். தாயும் தந்தையும் செவிலியர்கள். தந்தை விடுமுறை நாட்களில் வெளியிலே விறகடுப்பு மூட்டி, அகன்ற சட்டியில் பயேயா என்னும் சோற்றைச் சமைத்து நண்பர்களுக்கெல்லாம் பரிமாறுவார். மகனுக்கு ஒரே வேலைதான்: விறகு பொறுக்கி வந்து தீயைப் பார்த்துக்கொள்வது. சட்டியைக் கிளற அவனுக்கு ஆசை, தந்தை ஒப்பவில்லை, பையன் கோபித்துக்கொண்டான். பிறகு தந்தை அவனை அழைத்து, தீயை ஆளக் கற்றுக்கொள்வதே முதன்மையான வேலை, அது கைவந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் சமைக்கலாம் என்றாராம். இதை ஆந்த்ரேஸ் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அசனத்தன்று அடுப்படியில் நின்றவர்களுக்கு இது விளங்கும். கரண்டி பிடிக்கப் பலர் முன்வருவார்கள். புகையில் கண்ணெரிய உட்கார்ந்து, எப்போது விறகைத் தள்ளுவது, எப்போது இழுப்பது என்று அறிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். புகைப்படத்தில் அவர்கள் இருக்கமாட்டார்கள்.

அந்தப் பையன் வளர்ந்து, ஃபெரான் அத்ரியாவின் புகழ்பெற்ற எல் புல்லி உணவகத்தில் தொழில் பழகினான். கட்டாய இராணுவப் பணியில் கடற்படையின் பாய்மரப் பயிற்சிக் கப்பலில் சமையற்காரனாக உலகம் சுற்றினான். 1991-இல் நியூயார்க் வந்து சேர்ந்தான். 1993-இல் வாஷிங்டன் நகரில், அந்நாளில் ஆள்நடமாட்டம் குறைந்திருந்த ஒரு பகுதியில், கூட்டாளிகளோடு சேர்ந்து ஹலேயோ என்னும் ஸ்பானிய உணவகத்தைத் திறந்தபோது அவருக்கு வயது 23. பெரிய தட்டில் பெரிய இறைச்சித் துண்டு என்று பழகியிருந்த ஊரில், சிறுசிறு தட்டுகளாக வாங்கி மேசையில் எல்லாரும் பகிர்ந்து உண்ணும் வழக்கத்தை அவர் பரப்பினார். அடுத்து கிரேக்க, துருக்கிய, லெபனானியச் சுவைகளுக்கு ஒன்று, மெக்சிகோ உணவுக்கு ஒன்று எனக் கடைகள் பெருகின. 2003-இல் ஆறே இருக்கைகளுடன் தொடங்கிய மினிபார், 2016-இல் இரண்டு மிஷலின் நட்சத்திரங்களைப் பெற்றது. இன்று அவருடைய குழுமத்தில் 30-க்கும் மேற்பட்ட உணவகங்கள் உள்ளன.

மினிபாரில் ஒருவேளை உண்ண ஆகும் தொகையில் ஏழைக் குடும்பம் ஒன்று பல நாள் பசியாறும். செல்வருக்குச் சமைத்துப் பொருள் சேர்த்தவன் பிறகு ஏழைக்குப் பரிமாறினால், அது மனச்சாட்சிக்குப் பூசும் மருந்துதானே என்று சிலர் கேட்கக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. பசித்தோருக்கு உணவிடும் வேலையை அவர் ஹலேயோ திறந்த காலத்திலிருந்தே, பெரும் புகழ் வருவதற்கு முன்பே, கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார். வாஷிங்டனில் ராபர்ட் எகர் என்பவர் 1989-இல் டி.சி. சென்ட்ரல் கிச்சன் என்ற சமையற்கூடத்தைத் தொடங்கியிருந்தார். விடுதிகளில் மிஞ்சும் உணவை வாங்கிச் சமைத்து வழங்குவதோடு, வேலையற்றோருக்கும் சிறையிலிருந்து வந்தோருக்கும் அங்கே சமையல் கற்பிக்கப்பட்டது. ஆந்த்ரேஸ் அங்கே தொண்டராகச் சென்றார். தர்மம் பல வேளைகளில் கொடுக்கிறவனின் மீட்புக்காக நடக்கிறது, அது பெறுகிறவனின் விடுதலைக்காக நடக்க வேண்டும் என்பது எகரின் கருத்து. இதை ஆந்த்ரேஸ் மறக்கவில்லை.

2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டைப் பூகம்பம் சிதைத்தது. ஆந்த்ரேஸ் அங்கே சென்று ஒரு முகாமில் கறுப்பு பீன்ஸ் சமைத்தார். கைதேர்ந்தவர், ருசிக்குக் குறைவிராது. ஆனால் முகாமிலிருந்த பெண்கள், தாங்கள் இப்படி உண்பதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். பீன்ஸை மசித்து, வடித்து, பட்டுப்போன்ற குழம்பாக்கிச் சோற்றின்மேல் ஊற்றுவதே அவர்கள் வழக்கம். வீடு இழந்து கூடாரத்தில் இருப்பவர்கள், இலவச உணவைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா? நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தில் முகம் சுளித்திருப்போம்! அவரோ அவர்களிடமே செய்முறையைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்னும் நிவாரண அமைப்பு அந்த ஆண்டுதான் பிறந்தது.

இவ்வாண்டு அசனத்துக்குச் சாமான் பட்டியல் எழுதுமுன், நம்மோடு பந்தியமரும் முதியோர் இல்லத்தாரைப் போய்க் கேட்டு வரும்படி பொறுப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். பல்லில்லாதவர் இலையில் எலும்புக் கறியை வைத்துவிட்டு, தாராளமாய்ப் பரிமாறினோம் என்று நாம் மகிழ்ந்து என்ன பயன்?

ஆதித் திருச்சபையிலும் முதற் குழப்பம் ஒன்று பந்தியில்தான் எழுந்தது என்பதை அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டார்கள். சபை அதைச் சில்லறைக் காரியமாய் எண்ணவில்லை. ஞானமும் நற்சாட்சியும் உள்ள ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. யாருக்கு எத்தனை பங்கு, யார் விடுபட்டார், நாளைக்கு மாவு உண்டா என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் அங்கே தேவைப்பட்டார்கள்.

உணவகக் குழுமத்தை நடத்துகிறவனுக்கு அந்தக் கணக்கே அன்றாடப் பாடம். அரிசி எவரிடம் கிடைக்கும், வாராத வண்டிக்குப் பதில் என்ன செய்வது, அறியாத ஆட்களை ஒரு மணி நேரத்தில் எப்படி வரிசையாய் நிறுத்தி வேலை வாங்குவது என்பதெல்லாம் அவனுக்குக் கைப்பழக்கம். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோ தீவைப் புரட்டிப்போட்டு, மின்சாரத்தையும் அழித்தபோது அது பயன்பட்டது. சான் ஹுவானில் நண்பர் ஒருவரின் உணவகத்தில் சான்கோச்சோ என்னும் உள்ளூர்க் கறிக்குழம்பைக் காய்ச்சத் தொடங்கினார்கள். உள்ளூர்ச் சமையற்காரர்களும் உணவு வண்டிக்காரர்களும் சேர்ந்தார்கள். பிறகு நகரத்தின் விளையாட்டரங்கமே சமையற்கூடமாயிற்று. ரொட்டிக்குள் பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கட்டும்போது, மயோனைஸ் தாராளமாய்த் தடவச் சொல்வாராம் ஆந்த்ரேஸ். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் உலர்ந்த ரொட்டி தொண்டையில் இறங்க வேண்டுமே! ஒரே நாளில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட உணவுகள் வழங்கும் நிலை வந்தது. மொத்தம் 30 இலட்சத்தைத் தாண்டியது.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது தம் உணவகங்களைப் பூட்டி, அவற்றுள் சிலவற்றை மக்களுக்கான சமையற்கூடங்களாக மாற்றினார்.

இப்பணி உயிரையும் கேட்டிருக்கிறது. 2024 ஏப்ரல் 1-ஆம் நாள், காசாவின் டெய்ர் அல் பலாவிலுள்ள கிடங்கில் உணவை இறக்கிவிட்டுத் திரும்பிய அவ்வமைப்பின் வாகனங்கள்மேல் இஸ்ரேலியப் படை நடத்திய வான்தாக்குதலில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பல நாட்டவர், ஒருவர் பாலஸ்தீனர். பணி நிறுத்தப்பட்டது. அந்த மாத இறுதியில், அந்த ஏழு பேரையும் நினைத்து அழுதுகொண்டே, மறுபடியும் காசாவில் சமைக்கத் தொடங்கினார்கள்.